அலுமினிய ஸ்டிக்: வடிவமைப்பிலும் மேற்பரப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தந்தியைச் சுண்டாமல், இரண்டு கைகளின் விரல்களாலும் மெட்டுகளுக்கு (ஃப்ரெட்) இடையே தட்டியே ஒலியெழுப்பும் கருவிகளில் பெயர் பெற்றது சாப்மன் ஸ்டிக். எம்மெட் சாப்மன் 1969-இல் லாஸ் ஏஞ்சலஸில் கண்டடைந்த இருகைத் தட்டு முறைக்கென்றே உருவான இக்கருவி, 1974-இல் விற்பனைக்கு வந்தது. மரம், பாலிகார்பனேட், மூங்கில் என்று மாறிவந்த அதன் உடல், ரெயில்போர்டு என்னும் வகையில் அலுமினியமாயிற்று. அலுமினியம் மழைக்காலத்தில் ஊதுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் இதை வாங்குவோரும், இதைப்போல ஒன்றைத் தாமே கடைந்தெடுக்க முனைவோரும் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை, மரக் கிதாரில் பழகிய பழக்கத்தை உலோகத்தின் மேலும் ஏற்றுவதால் வருபவை.

சுருதி சேர்க்கும்போதே இது தெரிந்துவிடும். வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் கூடினால், ஒரு மீட்டர் நீள அலுமினியம் ஏறத்தாழ 0.46 மில்லிமீட்டர் நீளும். அதே நீள எஃகுத் தந்தியோ சுமார் 0.24 மில்லிமீட்டர்தான் நீளும். ஏசி அறையிலிருந்த கருவியை மேடை விளக்குகளின் கீழே கொண்டுவந்ததும், மெல்லிய தந்திகள் முதலில் சூடாகித் தளர்வதால் சுருதி இறங்குகிறது. அதைக் கேட்டுப் பதறி உடனே முறுக்கிவிட்டால், சற்று நேரம் கழித்து உடலும் சூடேறி நீளும்போது தந்திகள் மேலும் இழுபட்டு, சுருதி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுகிறது. மரம் நார்வாக்கில் மிகக் குறைவாகவே நீளுமாதலால், மரக் கிதாரில் இந்த இரண்டாம் கட்டத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உடலைத் தொட்டுப் பார்த்து, அது அறையின் சூட்டுக்கு வந்தபின் சுருதி சேர்ப்பதே சரி. 1970-களில் டிராவிஸ் பீன் செய்த அலுமினியக் கழுத்துக் கிதார்களைப் பற்றியும் இதே முறையீடு எழுந்தது. கை வைத்தால் சில்லென்றிருக்கிறது என்ற குறையும் சேர்ந்துகொண்டது.

அடுத்தது அனோடைசிங். இதைப் பெயின்ட் போன்ற பூச்சு என்று எண்ணுவதே பல தவறுகளுக்கு வேர். அமிலக் குளியலில் மின்சாரம் செலுத்தி, அலுமினியத்தின் மேற்புறத்தையே கடினமான ஆக்சைடாக மாற்றும் முறை இது. ஆகவே கீறலையோ கடைசல் தடத்தையோ அது மறைக்காது. அடியில் இருப்பதுதான் மேலே தெரியும். கடின அனோடைசிங்கில் படலம் சுமார் 50 மைக்ரான் வளரும்போது, அதில் பாதி உள்நோக்கியும் பாதி வெளிநோக்கியும் வளர்கிறது. இதைக் கணக்கில் கொள்ளாமல் மரைத் துளைகளை அடைக்காமல் அனுப்பிவிட்டால், திரும்பி வந்ததும் திருகாணி ஏறாது. கூரான விளிம்பில் படலம் இரு பக்கமும் செங்குத்தாக வளர்வதால், மூலையில் இடைவெளி விழுந்து, முதலில் உதிர்வது அங்கேதான். விளிம்புகளைச் சற்றே உருட்டிவிட்டு அனுப்புவது அழகுக்காக மட்டுமல்ல. இந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதையும் மறக்கிறார்கள். உடல் முழுதும் உலோகம்தானே என்று எர்த் கம்பியை அனோடைஸ் செய்த பரப்பில் முடுக்கிவிட்டு, இரைச்சல் ஏன் வருகிறது என்று ஒலிபெருக்கியைச் சந்தேகிப்பார்கள். தொடர்பு வேண்டிய இடத்தில் மட்டும் படலத்தை நீக்கி, வெற்று உலோகத்தில் இணைக்க வேண்டும்.

மெட்டுகளில் செய்யும் தவறுதான் விலையுயர்ந்தது. தட்டி வாசிக்கத் தந்திகள் மிகத் தாழ்வாக இருக்க வேண்டியிருப்பதால், ஒரே ஒரு மெட்டு உயர்ந்திருந்தாலும் தந்தி அதில் உரசி அதிரும். வீணையில் மெழுகை இளக்கி மறுபடி மேளம் கட்டிக்கொள்ளலாம், அதாவது மெட்டுகளைச் சரிசெய்து பதித்துக்கொள்ளலாம். உடலோடு சேர்த்தே கடைந்த அலுமினிய மெட்டுக்கு அந்த வசதி கிடையாது. அதை அனோடைசிங்குக்குப் பிறகு அரத்தால் ராவினால், கடினத் தோல் போய் மென்மையான அலுமினியம் வெளிப்பட்டு, எஃகுத் தந்தி அதில் விரைவில் பள்ளம் போட்டுவிடும். மட்டம் பார்ப்பது, மெருகேற்றுவது எல்லாம் அனோடைசிங்குக்கு முன்பே முடிய வேண்டிய வேலைகள்.

துடைப்பதற்கு ஈரம் பிழிந்த மென்துணி போதும். சாம்பலும் சலவைச் சோடாவும் பட்டு அலுமினியப் பாத்திரம் கறுத்துப்போவதை வீட்டில் பார்த்திருப்போம். அவற்றிலுள்ள காரம் (ஆல்கலி) அனோடைஸ் படலத்தையும் அரித்துவிடும். எஃகுத் திருகாணிகள் அலுமினியத்தில் இறங்கும் இடங்களில் வியர்வையின் உப்பு தேங்கினால் அலுமினியம் அரிபடும். கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும் என்பதால், திருகாணிக்குச் சிறிது கிரீஸ் தடவுவது நல்லது.

தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டுக்கு அருகே, தந்திகளைத் தொட்டுக்கொண்டிருக்கும் டாம்பரை வேண்டாத பொருள் என்று கழற்றிவிடுபவர்கள் உண்டு. தட்டாத தந்திகள் தாமாக முனகாமல் தடுப்பது அதுதான்.

கேபிள் விஷயமும் இப்படித்தான். ஸ்டிக்கின் தாழ்சுருதித் தந்திகளும் மேல்சுருதித் தந்திகளும் தனித்தனி மின்னலைகளாக ஒரே ஸ்டீரியோ ஜாக்கின் வழியே வெளிவருகின்றன. சாதாரண மோனோ கிதார் கேபிளைச் செருகினால் ஒரு பாதி ஒலிக்காது. தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப் பழுதாகிவிட்டது என்று மூடியைத் திறக்கப் போய், ஸ்க்ரூ டிரைவர் நழுவிக் கறுப்புப் பரப்பில் வெள்ளிக் கோடு போட்டுவிட்டால், அந்தக் கோட்டை எந்த மெருகாலும் அழிக்க முடியாது.