சபைக் குழுவுக்குள் முறுமுறுப்பு எழும்போது தலைவர் செய்ய வேண்டியவை

பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், பெண்கள் ஐக்கிய சங்கம், ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளை நிர்வகிக்கும் சேகர கமிட்டி என எந்தக் குழுவில் முறுமுறுப்பு எழுந்தாலும், அதை ஆவிக்குரிய குறைவு என்று பெயரிட்டு, "ஜெபிப்போம்" என்று சொல்லிக் கடந்துவிடும் பழக்கம் நம் சபைகளில் வேரூன்றியிருக்கிறது. ஜெபம் தேவைதான். ஆனால் சொல்லப்பட்ட குறையில் உண்மை உண்டா என்று விசாரிப்பதற்கு முன்பே ஏறெடுக்கப்படும் ஜெபம், குறை சொன்னவரின் வாயை அடைப்பதில் போய் முடிந்துவிடும்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தைத் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் மெதுவாக வாசிக்க வேண்டும். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தி விசாரணையில், அதாவது உணவுப் பகிர்வில், கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் அதை மறுக்கவில்லை, குறை சொன்னவர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. சீஷர் கூட்டம் முழுவதையும் வரவழைத்து, இந்த வேலையைத் தாங்களே சுமக்க முடியாது என்பதை வெளிப்படையாகச் சொல்லி, நற்சாட்சியும் ஞானமும் ஆவியின் நிறைவும் உள்ள 7 பேரை அதற்காகச் சபையே தெரிந்தெடுக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அனைவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குறைபட்ட தரப்பினரின் கையிலேயே பந்தி விசாரணைப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதாகவே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நம் கமிட்டிகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, குறை சொன்னவரை அடுத்த பட்டியலிலிருந்து நீக்கிவிடுகின்றன.

ஆகவே, குறையை மறுக்காமல் விசாரியுங்கள். ஆனால் அது உங்கள் காதுக்கு வந்த உடனேயே கூட்டத்தைக் கூட்டிவிடாதீர்கள். முதலில் சம்பந்தப்பட்டவரின் வீட்டுக்குச் சென்று, இடைமறிக்காமல் கேட்டு, என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் விடுபட்டார்கள் என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுதரப்பையும் அதே விதமாகச் சந்தியுங்கள். கோபம் வந்தால் அன்றே பதில் சொல்லாதீர்கள், முக்கியமாக வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். 52 நாளில் கட்டி முடிக்கப்பட்ட எருசலேம் மதில் வேலையின் நடுவே ஏழைகளின் கூக்குரலைக் கேட்ட நெகேமியா, மிகவும் கோபம்கொண்டும், முதலில் தன் மனதிலே ஆலோசனை பண்ணி, அதற்குப் பிறகுதான் பிரபுக்களிடம் பேசினார்.

விசாரித்ததில் தவறு ஒருவருடையது என்று தெரிந்தால், மத்தேயு 18-இல் ஆண்டவர் கற்பித்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் தனியே, பிறகு ஓரிருவரோடு, அதன் பிறகே சபைக்கு முன்பாக. பிரசங்க பீடத்திலிருந்து பெயர் சொல்லாமல் குத்திப் பேசுவது இந்த வரிசையில் எங்குமே இல்லை. அப்படிப் பேசியதால் குடும்பம் குடும்பமாக வேறு சபைக்குப் போனவர்களை நான் அறிவேன்.

தவறு குழு நடத்தப்படும் ஒழுங்கில் இருந்தால், ஒழுங்கைத்தான் திருத்த வேண்டும். தனிப்பாடல் வாய்ப்பு எப்போதும் ஒரே வீட்டாருக்குப் போகிறது என்பது குறையானால், அன்பைப் பற்றிய அறிவுரை அதைத் தீர்க்காது. 3 மாதத்துக்கான முறைப்பட்டியலை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது தீர்க்கும்.

பண விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். எருசலேம் பரிசுத்தவான்களுக்கான, அதாவது அங்கிருந்த விசுவாசிகளுக்கான, தர்மப்பணத்தைப் பவுல் தன் உடன் ஊழியரான தீத்துவிடம் மட்டும் ஒப்படைக்காமல், சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட சகோதரனையும் உடன் அனுப்பியதற்குக் காரணம், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்யவேண்டும் என்பதே (2 கொரிந்தியர் 8). நம் ஊர்களில், சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகைதான் இதற்குச் சோதனைக் களம். அரிசி, ஆடு, விறகு, பாத்திர வாடகை என்று பல கைகளில் பணம் புழங்கும்போது, நேர்மையானவர்மீதும் சந்தேகம் விழுகிறது. காணிக்கையை ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணிக் கையெழுத்திடட்டும், ஒவ்வொரு செலவுக்கும் ரசீது இருக்கட்டும், வரவு செலவு அடுத்த ஞாயிறு ஆராதனை அறிவிப்பிலேயே வாசிக்கப்படட்டும். இது யாரையும் நம்பாததால் செய்வதல்ல, பொருளாளராக உழைப்பவரின் நற்பெயரைக் காப்பதற்காகச் செய்வது என்பதை அவரிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

எல்லா முயற்சிக்குப் பின்னும் இருவர் சேர்ந்து ஊழியம் செய்ய முடியாத நிலை வரலாம். மாற்கு என்ற யோவானை ஊழியப் பயணத்துக்கு உடன் அழைத்துச் செல்வதா என்ற வாக்குவாதத்தில் பவுலும் பர்னபாவும் பிரிந்தே போனார்கள். இருவருக்கும் தனித்தனிப் பொறுப்பைக் கொடுங்கள், யாரையும் தகுதியற்றவர் என்று அறிவிக்காதீர்கள். பின்னாளில் அதே மாற்குவைத் தன் ஊழியத்துக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று சொல்லிப் பவுல் அழைத்துவரச் சொன்னார்.

விசாரணையில் தவறு உங்களுடையது என்று தெரியவந்தால், கமிட்டியில் நடந்ததைக் கமிட்டியிலும், சபையில் நடந்ததைச் சபையிலும் அறிக்கையிட்டு மன்னிப்புக் கேளுங்கள். 3 மாதம் கழித்து, முதன்முதலில் குறை சொன்னவரின் வீட்டுக்கு மறுபடியும் சென்று, செய்த மாற்றம் அவரை எட்டியிருக்கிறதா என்று கேளுங்கள்.