ஈயப் பட்டறைக்குப் பக்கத்தில் மண் எடுக்கப் போகிறீர்களா?

போன மாதம் கொழும்பு மட்டக்குளியில், பழைய பற்றரி உடைத்து ஈயம் உருக்கிய ஓர் இடத்துக்கு அடுத்த வளவில் இரண்டு மாணவர்கள் மண் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மண்வெட்டியை ஓங்கி இறக்கினார். எனக்கு நெஞ்சு பதறியது. கையுறை போடுங்கள், பையில் இடத்தின் பெயரை எழுதுங்கள் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு: மண்ணில் ஈயம் தேடுகிறவர்கள் செய்யும் நான்கு பிழைகள்.

ஆழமாக வெட்டுவது

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். உலையின் சூடு அதற்கும் மேலே போகும்போது ஈயம் புகையோடு நுண்துகளாகக் கிளம்பி அக்கம்பக்கத்து முற்றங்களில் படிகிறது. படிந்தால் மண்ணைப் பற்றிக்கொள்ளும், மழைக்கும் இலேசில் கீழே இறங்காது. கிளறாத மண்ணில் பெரும்பகுதி மேல் சில சென்டிமீட்டரிலேயே கிடக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல் 2 சென்டிமீட்டரில் கிலோவுக்கு 1000 மில்லிகிராம், அதற்குக் கீழே 20 என்று வைப்போம். 30 சென்டிமீட்டர் வெட்டிக் கலந்தால் ஆய்வுகூடம் 85 என்று எழுதித் தரும். குடியிருப்பு மண்ணுக்கு அமெரிக்கா 2024இல் வைத்த எச்சரிக்கை அளவு 200. ஆக, எல்லாம் சரி! தவழும் பிள்ளை வாயில் வைப்பதோ அந்த மேல் மண்ணை.

முதல் வருடம் நானும் இப்படித்தான் வெட்டினேன். அறிக்கையைக் காட்டி, "பயமில்லை அக்கா, பிள்ளையை விளையாட விடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எட்டு மாதம் கழித்து அதே முற்றத்தில் கரண்டியால் மேல் மண்ணை மட்டும் சுரண்டி அனுப்பினோம். வந்த எண்ணைச் சொன்னதும் அவர் கேட்டார்: "அப்ப இவ்வளவு நாளும்?" குழந்தையின் இரத்தத்தில் பாதுகாப்பான ஈய அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் தெரிந்துகொண்டு அவர் முன்னால் நின்றேன். இன்றைக்கும் மண்வெட்டியைக் கண்டால் கோபம் வருகிறது.

முற்றத்தில் பல இடங்களில் 2 சென்டிமீட்டர் மட்டும் சுரண்டிச் சேருங்கள். ஆழத்து மண் வேண்டுமா, தனிப் பையில் போடுங்கள்.

காற்றை மறப்பது

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று. பட்டறைக்கு வடகிழக்கில் இருக்கும் வீடுகளை விடாதீர்கள்.

சுவரோரம் சுரண்டுவது

பழைய பெயின்டிலும் ஈயம் உண்டு. அது உதிர்ந்து கிடக்கும் மண்ணை எடுத்தால், ஈயம் பட்டறையிலிருந்து வந்ததா சுவரிலிருந்து வந்ததா என்று தெரியாது.

மண்ணோடு திரும்பிவிடுவது

ஜன்னல் விளிம்புத் தூசியையும் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பட்டறையில் வேலை செய்பவர் அந்த வீட்டில் இருந்தால், அவர் சப்பாத்து கழற்றும் இடத்தையும், வேலை உடுப்பு தொங்கும் மூலையையும் முதலில் பாருங்கள். உலையிலிருந்து எவ்வளவோ தள்ளியிருக்கும் வீட்டுக்கும் ஈயம் அப்படித்தான் வந்து சேர்கிறது.