தீபாவளிக்கு வெள்ளையடிக்காதீர்கள்: நெல்லை வீடுகளில் காசும் ஞாயிற்றுக்கிழமையும் கரையும் இடங்கள்

வீட்டைக் கவனிக்காமல் விட்டதால்தான் செலவு வருகிறது என்று நாம் நினைக்கிறோம். நம் பக்கத்து வீடுகளைப் பார்த்தால் கதை வேறு. செலவு செய்யாதவர்கள் குறைவு. வேலையைச் செய்யக் கூடாத மாதத்தில் செய்துவிட்டு, அதையே மறு வருடம் மறுபடி செய்பவர்கள்தான் அதிகம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு, வீட்டுக்காரர் துபாயிலோ சென்னையிலோ இருக்க அம்மா பீடி சுற்றியபடி பிள்ளைகளைப் பார்க்கும் வீடு, கடையைப் பூட்டவே இரவு பத்தாகும் வீடு என எல்லா இடத்திலும் லீவு கிடைக்கும்போதுதான் வேலை நடக்கிறது. லீவு பண்டிகைக்குத்தான் கிடைக்கிறது. நம் பண்டிகைகளோ மழையை ஒட்டி வருகின்றன. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஈரச் சுவரில் புதுப் பெயிண்ட்

நெல்லைச் சமவெளிக்கு வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான். தீபாவளி அதற்கு நடுவில். பொங்கல் வரும்போது மழை நின்றிருக்கும், ஆனால் சுவர் காய்ந்திருக்காது. மார்கழியை நம்பவும் முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டரைத் தாண்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அப்படி நனைந்த செங்கல் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். அதன்மேல் நாலே வாரத்தில் பொங்கலுக்கென்று பெயிண்ட் அடித்தால், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெயில் ஏறியதும் வெளியேற வழி தேடும். கொப்புளம், பிறகு உரிதல், பிறகு வெள்ளையாக உப்புப் பூத்தல் என்று வரிசையாக வரும்.

இதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் பெயிண்டருக்கு ஏகப்பட்ட கிராக்கி. கூலி கூடும், ஆள் அவசரத்தில் சுரண்டாமலே அடிப்பார். நல்ல பெயிண்டர் சொல்லிவிடுவார்: “அண்ணாச்சி, சொவரு இன்னும் ஈரமா இருக்கு. மாசி வரைக்கும் பொறுங்க.” அப்படிச் சொல்லுகிறவரின் போன் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர் காய்ந்ததா என்று பார்க்க ஆள் வேண்டாம். ஒரு சாண் அகல பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் சுவர் இன்னும் தயாரில்லை.

நம் பழைய வீடுகளில் வேறொரு சிக்கலும் உண்டு. வருடா வருடம் சுண்ணாம்பு அடித்து அடித்துத் தடித்த சுவர்மேல் நேராக எமல்ஷன் பெயிண்டை அடித்துவிடுகிறார்கள். எமல்ஷன் சுண்ணாம்புப் பொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், சுண்ணாம்போ சுவரைப் பிடித்திருக்காது. இரண்டும் சேர்ந்து தகடு தகடாக விழும். ஒன்று, பழைய சுண்ணாம்பு முழுவதையும் சுரண்டி, பிரைமர் அடித்துவிட்டு எமல்ஷனுக்குப் போக வேண்டும். அல்லது சுண்ணாம்பிலேயே தொடர வேண்டும். கனத்த சுவருள்ள பழைய வீட்டுக்கு இரண்டாவதுதான் நல்லது என்பது என் கருத்து. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும், செலவும் குறைவு.

அப்படியானால் எப்போது? மாசி, பங்குனி, சித்திரை. தென்காசி, செங்கோட்டை, குற்றாலப் பக்கம் வைகாசி முடிவிலேயே சாரல் எட்டிப் பார்க்கும் என்பதால் அங்கே சித்திரைக்குள் முடித்துவிட வேண்டும். தீபாவளிக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமென்றால் பட்டாசலில் (முன்கூடத்தில்) ஒட்டடை அடித்து, தரையைத் துடைத்து, ஜன்னல் கம்பிகளைக் கழுவினாலே பாதி வெளிச்சம் வந்துவிடும்.

கதவுக்கும் இதே கணக்குத்தான். ஐப்பசியில் மரம் ஈரம் குடித்து உப்பும், கதவு நிலையில் இடிக்கும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்வோம். “இப்ப இழைச்சா பங்குனியில சந்து விழும்லா” என்பார் விவரம் தெரிந்தவர். ரொம்ப இடித்தால் மெழுகுவர்த்தியை உரசி மழைக்காலத்தை ஓட்டிவிட்டு, காய்ந்த மாதத்தில் கதவைக் கழற்றி அடிவிளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் பெயிண்ட் கொடுங்கள். யாரும் பெயிண்ட் அடிக்காத அந்த இரண்டு விளிம்புகள் வழியாகத்தான் மரம் தண்ணீர் குடிக்கிறது.

தட்டட்டியை மழை வந்தபின் பார்ப்பது

கூரை ஒழுகும்போது கொத்தனாரைக் கூப்பிட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. நனைந்த தளத்தில் எந்தப் பூச்சும் ஒட்டாது. காசு வாங்கிக்கொண்டு சிமெண்டுப் பாலை ஊற்றிவிட்டுப் போவார், அடுத்த மழைக்கு அதே இடம் சொட்டும்.

கோடையிலேயே ஒரு சாயங்காலம் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், நாலு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, மழைநீர்க் குழாய் வாய்க்கு ஓடுகிறதா, தட்டோடு பதித்த இணைப்புகளில் எங்கே குமிழி விட்டு இறங்குகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சுண்ணாம்புக்கட்டியால் அந்த இடங்களில் வட்டம் போட்டு வையுங்கள். கொத்தனார் வந்ததும் “எல்லாத்தையும் உடைச்சுப் போடணும்” என்று தொடங்கினால், வட்டத்தைக் காட்டி, “இது மட்டும்” என்று சொல்லலாம். விரிசலை மேலோட்டமாகப் பூசாமல் வாயை அகலப்படுத்தி, தூசியைத் துடைத்து, அதற்கென்று விற்கும் விரிசல் அடைப்புக் கலவையை உள்ளே இறக்கச் சொல்லுங்கள். அதன்மேல் வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுத்தால் சித்திரை வெயிலுக்குக் கீழே அறையும் கொஞ்சம் குளிரும்.

ஒழுகலுக்குக் காரணம் மழைதான் என்று முடிவுகட்டவும் வேண்டாம். பல வீடுகளில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தொட்டி நிரம்பி வழிந்து, தொட்டிக்கு அடியில் தளம் வருடம் முழுக்க நனைந்தபடியே இருக்கும். அங்கே தேவை கொத்தனார் இல்லை, தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் தானியங்கி சுவிட்ச்.

புரட்டாசி முடிவதற்குள் குழாய் வாயில் அடைந்த வேப்பிலையை எடுத்துவிடுங்கள். மழைநீர் சேகரிப்புத் தொட்டியையும் அப்போதே. 2003-ல் தமிழ்நாட்டில் அதைக் கட்டாயமாக்கியபோது அவசரமாகக் கட்டிய தொட்டிகள் பல இன்று மண்மூடிக் கிடக்கின்றன. மேலே உள்ள மணலையும் ஜல்லியையும் அள்ளிக் கழுவிப் போடுவது அரை நாள் வேலை.

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆனி, ஆடிக் காற்றில் திரைச்சீலை துவைப்பதும் பரண் துடைப்பதும் வீண் வேலை, மறுநாளே புழுதி படியும். பெரிய சுத்தத்தை ஆவணிக்குத் தள்ளுங்கள். காற்றுக்கு முன்னால் செய்ய வேண்டியது தகரக் கூரையின் போல்ட்டுகளையும் வாசர்களையும் பார்ப்பது மட்டும்தான்.

காதில் விழாத கசிவு, கண்ணில் படாத 501

சொட்டும் குழாய் சத்தம் போடும், அதனால் யாராவது சரிசெய்துவிடுவார்கள். கழிப்பறை ஃபிளஷ் தொட்டி சத்தமே போடாமல் நாள் முழுக்கக் கசியும். அதன் மூடியைத் திறந்து கொஞ்சம் சொட்டு நீலத்தை ஊற்றி, அரை மணி நேரம் யாரும் போகாமல் பாருங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பு தேய்ந்திருக்கிறது. சின்ன சாமான், சின்ன விலை. அதை மாற்றாததால்தான் மோட்டார் அடிக்கடி ஓடுகிறது.

கரண்ட் பில்லில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 2025 நிலவரப்படி நமக்கு இரண்டு மாதக் கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரைக்கான சலுகை விலை போய்விடும். அந்தக் கட்டண முறையில் 501-வது யூனிட்டை எரித்ததற்காக இருநூறு ரூபாய்க்கு மேல் ஒரே தாவலில் ஏறும். உங்கள் பில் 520, 530 என்றே வந்துகொண்டிருந்தால் வீடு முழுக்க எதையும் மாற்ற வேண்டாம். பழைய மின்விசிறி 75 வாட் என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி 30 வாட் என்றால் அதே ஓட்டத்துக்கு 22 யூனிட்கூட ஆகாது. அதிகம் ஓடும் ஒரே ஒரு விசிறியை மாற்றினாலே கோட்டுக்குக் கீழே வந்துவிடலாம். எல்லா அறைக்கும் ஒரே நாளில் மாற்றுவது அவசரச் செலவு. விருந்தாளி அறை விசிறி எப்போது ஓடப் போகிறது?

தண்ணீரைத் தெரியாமல் மெஷின் வாங்குவது

பக்கத்து வீட்டில் வாங்கினார்கள் என்று ஆர்ஓ மெஷின் வாங்குவதுதான் நம் ஊரில் நான் பார்க்கும் பெரிய வீண் செலவு. ஆர்ஓவின் முதன்மையான வேலை உப்பைக் குறைப்பது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புக் கிணற்றுக்கு அது தேவைப்படலாம். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் தெருவில் கவலை பெரும்பாலும் உப்பு இல்லை, கலங்கலும் கிருமியும்தான். அதற்கு வடிகட்டிக் கொதிக்க வைப்பதோ, புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யுவி மெஷினோ போதும். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். இந்தியத் தர அளவின்படி குடிநீரில் இந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. உங்கள் குழாய் அதற்கு நன்றாகக் கீழே இருந்தால், ஆர்ஓ வாங்குவதும், அதற்கு வருடா வருடம் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவதும், கழிவாக வாளி வாளியாகத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுவதும் எதற்கு?

உண்மையிலேயே உப்புத் தண்ணீர் என்றால் தவறு எதிர்ப்பக்கம் நடக்கிறது. சோப்புத்தூளை அள்ளிப் போடுகிறார்கள், துணி விறைத்துப்போகிறது, வாஷிங் மெஷினுக்குள் உப்புக் கட்டுகிறது. வெந்நீர் கீஸரின் சுருளில் உப்புப் படிந்தால் சூடாக நேரமாகும், யூனிட் கூடும், கடைசியில் சுருள் எரியும். மெஷின் டிரம்மைச் சிட்ரிக் அமிலத்தூள் போட்டு வெந்நீரில் வெறுமனே ஓட்டி எடுப்பது மலிவான மருந்து.

குளியலறை உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றும் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். அன்றைக்குப் பளபளக்கும், ஆனால் டைல்ஸ் இணைப்பில் உள்ள சிமெண்டை அரித்துவிடும். அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கி, பின்பக்கச் சுவர் பூத்துப்போகும். பழைய வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையும் மொசைக்கும் ஒரே தடவையில் சாயம் போய்ச் சொரசொரப்பாகும். ஆசிடோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வாரம் ஒரு முறை வழித்து, ஈரத்தைத் துடைத்துவிட்டால் கறை கட்டவே நாளாகும்.

ஏசி சர்வீஸுக்குச் சித்திரையில் ஆள் தேடாதீர்கள், மாசியிலேயே முடியுங்கள். இடையில் வடிகட்டி வலையை நாமே கழற்றிக் கழுவலாம், ஐந்து நிமிடம். இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் குழாய்த் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றக் கூடாது, டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் மேல்கோட்டைத் தாண்டாமல். மழைக்கு முன் ஒரு தடவை பார்த்துவிட்டால் கார்த்திகை இரவில் இருட்டில் உட்கார வேண்டியதில்லை.

ஆளைக் கூப்பிடும் முறை

ஒரு குழாய்க்கு ஒரு நாள், ஒரு சுவிட்சுக்கு ஒரு நாள் என்று பிளம்பரையும் எலெக்ட்ரீஷியனையும் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் வந்துபோன கூலி, வண்டி பெட்ரோல், நம் அரை நாள் லீவு. அவசரமில்லாத வேலைகளை அடுக்களை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் எழுதி வாருங்கள். நாலைந்து சேர்ந்ததும் ஒரே நாளில் முடிக்கலாம். எந்தத் தேதியில் எதை மாற்றினோம், என்ன விலை என்பதையும் அதே தாளில் குறித்தால், போன வருடம் மாற்றிய சாமானை மறுபடி மாற்றச் சொல்பவரிடம் பேச வாயிருக்கும். சாமான் வாங்கப் போகும்போது கழற்றிய பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அரை இஞ்சா முக்கால் இஞ்சா என்று கடையில் நின்று போன் போட்டுக் கேட்டு, தப்பாக வாங்கி, திரும்ப அலைவதில்தான் பாதி ஞாயிறு போகிறது. கூலியில் ஒரு பகுதியை, தண்ணீர் திறந்து பார்த்து சொட்டு இல்லை என்று தெரிந்தபின் கொடுங்கள்.

ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்கள், கோயில் கொடைக்கு வந்தால்தான் கதவைத் திறக்கிறார்கள். அவர்கள் கிளம்பும்போது செய்ய வேண்டியவை கொஞ்சம்தான்: தொட்டி வால்வை மூடுவது, கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றுவது, அங்கணக்குழியிலும் குளியலறைச் சாக்கடை வாயிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி அதன்மேல் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் விடுவது. அந்த வளைவுக் குழாயில் தண்ணீர் காய்ந்துபோனால்தான் நாற்றமும் கரப்பானும் ஏறும், எண்ணெய் மிதந்தால் சீக்கிரம் காயாது. சாவியைப் பக்கத்து வீட்டு மதினியிடம் கொடுத்து, முதல் மழைக்கு மறுநாள் ஒரு தடவை உள்ளே போய் மச்சைப் பார்த்து, நனைந்த இடத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிடுங்கள்.