கோ-கார்ட்டுக்குக் கை கிளட்ச், கை கியர்: இரண்டும் ஒரே கம்பியில்

பைக் இன்ஜின் வைத்துக் கட்டும் கோ-கார்ட்டில் (தாழ்வான சின்ன நான்கு சக்கர வண்டி) இரண்டு காலுக்கும் வேலை உண்டு. வலது கால் ஆக்சிலேட்டருக்கு, இடது கால் பிரேக்குக்கு. அதனால் கிளட்சும் கியரும் கைக்கு வந்தாக வேண்டும். ஒரு கைக்கு கிளட்ச், மறு கைக்கு கியர் என்று பிரித்தால், கியர் மாற்றும் நேரத்தில் ஸ்டீயரிங்கில் கை இருக்காது. எனவே நாம் கிளட்ச் லீவரை கியர் கம்பியின் மேலேயே மாட்டப்போகிறோம். இடது கை இரண்டையும் பார்த்துக்கொள்ளும், வலது கை ஸ்டீயரிங்கை விடாது.

நான் பயன்படுத்தியது பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் இன்ஜின், 97.2 சிசி. 4 கியரும் ஒரே திசையில் விழும். முன் மிதியை அழுத்த அழுத்த ஏறும். தொடக்கக்காரர்களுக்கு இதுதான் எளிது.

முதலில் அளவு எடுங்கள்

வெல்டிங்குக்கு முன் ஸ்கேலை எடுங்கள். என் இன்ஜினில் கியர் மிதி சுழலும் அச்சின் மையத்திலிருந்து மிதி நுனி வரை 120 மி.மீ. நுனி சுமார் 20 மி.மீ. இறங்கியதும் கியர் விழுந்தது. அச்சிலிருந்து 60 மி.மீ. தூரத்தில் இணைப்புக் கம்பியை மாட்டினால் அது 10 மி.மீ. நகர்ந்தாலே போதும். கையால் பிடிக்கும் கியர் கம்பியில், அது ஆடும் மையமான பிவட்டுக்குக் கீழே 50 மி.மீ., மேலே 250 மி.மீ. வைத்தேன். கை 50 மி.மீ. நகரும், கீழே 10 மி.மீ. நகரும். கைக்கு 5 மடங்கு பலம் கிடைக்கிறது. உங்கள் இன்ஜினில் அளந்து இதே கணக்கைப் போடுங்கள்.

கியர் இணைப்பு

பழைய மிதியின் பல் உள்ள நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு இரு பக்கமும் அறுத்துவிடுங்கள். அதன்மேல் 60 மி.மீ. பட்டையை மேல்நோக்கி நிற்கும்படி வெல்டிங் செய்யுங்கள். இன்ஜின் பைக்கில் இருந்த திசையிலேயே, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், கையைப் பின்னுக்கு இழுக்கும்போது கியர் ஏறும். இந்தத் திசையை மாற்றாதீர்கள். வேகம் எடுக்கையில் உடம்பு பின்னுக்குப் போகும், பிரேக் பிடிக்கையில் முன்னுக்கு வரும். கையும் அதோடு சேர்ந்தே போகிறது.

பட்டையின் நுனியையும் கியர் கம்பியின் கீழ் முனையையும் சேர்க்கும் இணைப்புக் கம்பியின் இரு முனையிலும் ராட் எண்ட் (பந்து வைத்த மூட்டு) போடுங்கள். இயல்பு நிலையில் கம்பியும் பட்டையும் 90 டிகிரியில் நிற்க வேண்டும். இங்கே கேபிள் வேண்டாம், கேபிள் இழுக்கும், தள்ளாது.

பலர் கவனிக்காத ஒன்று: ஒவ்வொரு கியருக்கும் பிறகு மிதி நடுநிலைக்குத் திரும்பினால்தான் அடுத்த கியரைப் பிடிக்கும். அதற்கான ஸ்பிரிங் இன்ஜினுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் கியர் கம்பி கனமாக இருந்து ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த ஸ்பிரிங் தோற்றுவிடும். கம்பி லேசாகவும் நேராகவும் நிற்கட்டும்.

கிளட்ச் லீவர்

பைக் ஹேண்டில் பாரின் விட்டம் 22 மி.மீ. பழைய ஹேண்டில் பாரிலிருந்து ஒரு துண்டு வெட்டி கியர் கம்பியாக்கினால் லீவர் பிடி அப்படியே உட்காரும். பிடியைக் கைப்பிடி ரப்பருக்குக் கீழே, லீவர் நுனி மேல்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். கேபிள் தானாகவே கீழ்நோக்கி வரும். பிவட் அருகே கொஞ்சம் தொய்வு விட்டு இன்ஜினுக்குக் கொண்டுபோங்கள். கூரான திருப்பம் கூடாது. கேபிளின் வெளி உறை முட்டி நிற்க இன்ஜின் பக்கம் ஒரு பிடி வேண்டும், இல்லையென்றால் லீவரை அமுக்கினாலும் கிளட்ச் விலகாது.

முதல் தடவை நான் சைக்கிள் பிரேக் கேபிளைப் போட்டேன். மூன்றாவது நாளே இழை இழையாகப் பிரிந்து, கியரில் இருந்த வண்டி நிற்காமல் உருண்டது. பைக் கிளட்ச் கேபிளையே வாங்குங்கள். நீளம் போதாவிட்டால் செய்து தரச் சொல்லுங்கள்.

லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு இருக்கட்டும். தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்கித் தேய்ந்துபோகும். அதிகமானால் கிளட்ச் முழுதாக விலகாமல் கியர் கரகரக்கும்.

சோதனை

பின் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்து வைத்துக் கியர் போட்டுப் பாருங்கள். விழாவிட்டால் பதறி அடிக்காதீர்கள். உள்ளே பற்கள் நேருக்கு நேர் வந்தால்தான் கோர்த்துக்கொள்ளும், சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டே போடுங்கள். 4 கியரும் ஏறி இறங்கிய பிறகு இன்ஜினை ஓடவிட்டு, தூக்கிய நிலையிலேயே மறுபடி பாருங்கள். இன்ஜினை உடனே அணைக்கும் கில் சுவிட்ச் வலது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம் ஹெல்மெட்டோடு திறந்த இடத்துக்குப் போங்கள். பதிவு செய்யாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட 1988 மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. எங்கள் கடலூர் சில்வர் பீச் ரோட்டில் ஒரு சுற்று என்று ஆசைப்பட வேண்டாம். நாங்கள் ஓட்டியது தெரிந்தவர் ஒருவரின் முந்திரி காயவைக்கும் சிமெண்ட் களத்தில்.

கடலூரில் உப்புக் காற்று சும்மா விடாது. மழைக்காலம் முடிந்ததும் கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டு, மேல் முனையில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுங்கள், கீழ் முனையில் எண்ணெய் எட்டிப் பார்க்கும் வரை.