எஃப்.சி.க்கு முன் பால் ஜாயின்ட்டைச் சோதிப்பது எப்படி?

சொந்தக் காருக்கு 15 ஆண்டுகள் முடிந்தால், பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆய்வு உண்டு. அதற்குச் சில நாட்கள் முன்பே முன்சக்கர இணைப்புகளை, குறிப்பாகச் சக்கரம் மேலும் கீழும், இடமும் வலமும் அசைய இடம்கொடுக்கும் குமிழ் மூட்டான பால் ஜாயின்ட்டை, பார்த்துவிடுவது நல்லது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது. ஸ்பிரிங் லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கீழ்க் கையின்) மேல் அமர்ந்திருக்கும் வண்டியென்றால், ஆர்முக்கு அடியிலேயே ஜாக்கியைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஜாயின்ட்டின் ஆட்டத்தை மறைத்துவிடும்.

சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து, ஒரு கை தள்ள மறு கை இழுக்குமாறு ஆட்டும்போது ‘டக்’கென்று கையில் தட்டினால், அது பால் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பெரும்பாலும் பேரிங். நிற்காவிட்டால் ஆர்மும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள், தேய்ந்த ஜாயின்ட்டின் அசைவு விரலுக்கே தெரியும். அவசரத்தில் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, நல்ல பேரிங்கைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

இடவலமாக ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின் முனை மூட்டான டை ராட் எண்டைச் சந்தேகிக்கலாம்.

பால் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, பிதுங்கிய கிரீஸில் மணல் ஒட்டியிருந்தால், இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் அந்த ஜாயின்ட்டுக்கு ஆயுள் குறைவுதான். ஆனால் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் புஷ்ஷின் மேற்பரப்பில் தெரியும் மெல்லிய வெடிப்புகளைப் பெரிதுபடுத்த வேண்டாம். ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

டை ராட் எண்டை மாற்றினால், வீல் அலைன்மென்ட் செய்த பிறகே ஆய்வுக்குக் கொண்டுசெல்லுங்கள்.