சிறுகதையும் அதன் படமும்: ஒப்பீட்டுக் கட்டுரை எழுதப் பழகுவோம்

"கதையில் வரும் இந்த ஆள் படத்தில் இல்லை. படத்தில் வரும் அந்தக் காட்சி கதையில் இல்லை." முதன்முதலாக ஒப்பீட்டுக் கட்டுரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படியே நான்கு பக்கம் ஓட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஓட்டினேன். அது கட்டுரை இல்லை, சாமான் பட்டியல். வித்தியாசங்களைக் கண்டுபிடிப்பது ஆயத்த வேலைதான். அவற்றில் ஒன்றைப் பிடித்து, 'இயக்குநர் இதை ஏன் மாற்றினார், மாற்றியதால் என்ன நடந்தது?' என்று கேட்கும் இடத்தில்தான் கட்டுரை பிறக்கிறது.

உதாரணத்துக்கு ஒரு ஜோடி: தாகூர் 1891-ல் எழுதிய 'போஸ்ட்மாஸ்டர்' கதை, அதை சத்யஜித் ராய் 1961-ல் 'தீன் கன்யா' படத்தின் ஒரு பகுதியாக எடுத்தது. இரண்டுமே சின்னவை. பழகுவதற்கு ஏற்றவை.

படி 1: கதையை முதலில் படியுங்கள்

இரண்டு தடவை. படத்தை முதலில் பார்த்துவிட்டால் நடிகர்களின் முகம் மனதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கதையைப் படித்தாலும் படம்தான் ஓடும். இரண்டாம் வாசிப்பில், யார் கதை சொல்கிறார், யாருடைய மனதுக்குள் நம்மை விடுகிறார் என்று மட்டும் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

படி 2: படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்

முதல் தடவை சும்மா பாருங்கள். அடுத்த தடவை நோட்டும் பேனாவும் வேண்டும். காட்சி வரும் நிமிடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேடி அலைய வேண்டியிருக்காது.

படி 3: ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இதில்தான் அவசரப்படக் கூடாது. நமது ஜோடியில் நான் முடிவைத்தான் எடுப்பேன். கல்கத்தாவிலிருந்து கிராமத்துக்கு வந்த போஸ்ட்மாஸ்டர், வேலையை விட்டுக் கிளம்புகிறார். அவருக்கு வீட்டு வேலை செய்து, அவர் காய்ச்சலில் கிடந்தபோது பார்த்துக்கொண்ட அநாதைச் சிறுமி ரத்தன் அங்கேயே நிற்கிறாள். கதையில் அவர் பணம் தர வருகிறார். அவள் காலில் விழுந்து, எதுவும் தர வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு ஓடிவிடுகிறாள். படகில் போகும்போது அவருக்குத் திரும்பிப் போகலாமா என்று தோன்றுகிறது. ஆனால் வாழ்க்கையில் எத்தனையோ பிரிவுகள் என்று ஒரு தத்துவம் கிடைக்க, மனம் ஆறிவிடுகிறது. ரத்தனுக்கு அந்தத் தத்துவமும் இல்லை. அவள் தபால் அலுவலகத்தையே அழுதபடி சுற்றி வருகிறாள் என்று சொல்கிறார் கதைசொல்லி.

படத்தில் அந்தக் கதைசொல்லி இல்லை. ரத்தன் தண்ணீர் வாளியோடு போஸ்ட்மாஸ்டரைத் தாண்டிப் போகிறாள். கொடுக்க எடுத்த காசு அவர் கையிலேயே நின்றுவிடுகிறது. பிறகு, தண்ணீர் கொண்டுவந்திருப்பதாகப் புது போஸ்ட்மாஸ்டரிடம் சொல்லும் அவள் குரல் கேட்கிறது. கதையில் ஒரு பத்தி முழுக்கச் சொன்னதை இங்கே ஒரு வாளி சுமக்கிறது.

படி 4: வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"கதையின் முடிவும் படத்தின் முடிவும் வேறு" என்பது வாதம் இல்லை, அதை யாரும் மறுக்க முடியாது. "கதையில் கதைசொல்லி ரத்தனுக்காக இரங்குகிறார், படத்தில் ரத்தன் தன் மௌனத்தாலேயே அந்த இரக்கத்தை மறுத்துவிடுகிறாள்." இதை ஒருவர் மறுக்கலாம். கதையிலும்தானே அவள் பணத்தை வாங்கவில்லை என்று கேட்கலாம். நல்லது, அதற்குப் பதில் சொல்வதே உங்கள் கட்டுரையின் நடுப்பகுதி.

படி 5: பத்திகளை அடுக்குங்கள்

முதல் பாதி கதை, மறு பாதி படம் என்று பிரித்தால் எழுதுவது சுலபம். ஆனால் ஒப்பீடு நடக்கவே நடக்காது. ஒவ்வொரு பத்தியிலும் ஒரு விஷயத்தை (பணம், மௌனம், குரல்) எடுத்து, கதையையும் படத்தையும் அருகருகே வையுங்கள். கதைக்கு அதன் சொற்களே சான்று. படத்துக்கு வசனம் மட்டும் போதாது. கேமரா எங்கே நிற்கிறது, என்ன ஒலி கேட்கிறது, எது காட்டப்படவில்லை என்பதும் வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். படத்தையும் வெறும் கதையாகவே படித்துவிடுவார்கள்.

"கதை அளவுக்குப் படம் இல்லை" என்ற வாக்கியம் கை தவறி வந்துவிட்டால் அடித்துவிடுங்கள். மூலத்துக்கு விசுவாசமாக இருப்பது மட்டும் படத்தின் வேலை இல்லை.

படி 6: பென்சிலோடு திரும்பிப் படியுங்கள்

கதைச் சுருக்கமாக இருக்கும் வரிகளுக்கெல்லாம் கீழே கோடு போடுங்கள். பக்கத்தில் பாதிக்கு மேல் கோடாக இருந்தால் வெட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. முன்னுரையை இப்போது எழுதுங்கள். என்ன சொல்லப்போகிறோம் என்பது இப்போதுதான் உங்களுக்கே தெரிந்திருக்கும்.