வலிக்காமல் கசியும் குடல் ரத்தக்குழாய்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஹீமோகுளோபின் 7-க்கு இறங்குகிறது. ரத்தம் ஏற்றி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததும் 10-க்கு ஏறுகிறது. சில மாதங்களில் மறுபடியும் 7. வயிற்றுவலி கிடையாது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு காரணம் ஆஞ்சியோடிஸ்பிளேசியா: குடலின் உட்சுவரில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து, சுருண்டு, மெலிந்துபோவது. பெருங்குடல் தொடங்கும் வலப்பக்கத்தில் அதிகம். சிறுகுடலிலும் இரைப்பையிலும் உண்டு. கசியும், தானாக நிற்கும், பிறகு கசியும். பெரும்பாலான தவறுகள் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

முதல் தவறு, மூலநோய் என்று முடிவுகட்டுவது. மூல ரத்தம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பில் மலத்தின் மேல் படியும், அல்லது சொட்டும். மூலம் இருப்பவருக்கே மேலே இன்னொரு கசிவும் இருக்கலாம் என்பதால், ரத்தச்சோகையும் சேர்ந்திருந்தால் கொலோனோஸ்கோபியை (ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) தள்ளிப்போடக் கூடாது. இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் தார் போல ஒட்டி, பளபளத்து, கடும் நாற்றம் அடித்தால் அது ரத்தம். அதோடு தலைசுற்றலோ படபடப்போ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எண்டோஸ்கோபி (வாய்வழியாகக் கேமரா விட்டு இரைப்பையைப் பார்ப்பது), கொலோனோஸ்கோபி இரண்டும் 'நார்மல்' என்று வந்ததும் தேடலை நிறுத்துவது அடுத்த தவறு. இவை சிறுகுடலின் பெரும்பகுதியைப் பார்ப்பதே இல்லை. அதற்குக் கேப்ஸ்யூல் எண்டோஸ்கோபி, அதாவது மாத்திரை போல விழுங்கும் சிறு கேமரா, வேண்டும். கசிவு தெரிந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் செய்தால் இடம் பிடிபடும் வாய்ப்பு கூடுதல். கேப்ஸ்யூலோ கொலோனோஸ்கோபியோ, முன்பே திட்டமிட்டது என்றால் இரும்பு மாத்திரையை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று கேளுங்கள். வழக்கமாக ஒரு வாரம். நிறுத்தாவிட்டால் கறுப்புப் படிவு காட்சியை மறைக்கும். குடலில் அடைப்போ பழைய அறுவை சிகிச்சையோ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கேப்ஸ்யூல் வெளியேறும்வரை எம்ஆர்ஐ கூடாது. ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராமோ, நிமிடத்துக்குச் சுமார் அரை மில்லிலிட்டர் கசிந்துகொண்டிருக்கும்போதுதான் கசிவைக் காட்டும். கசிவு நின்றபின் எடுத்து 'ஒன்றுமில்லை' என்று நம்பினால் பயனில்லை.

பலர் மறப்பது இதயத்தை. பெருந்தமனி வால்வு சுருங்கியவர்களுக்கு இந்தக் கசிவு அதிகம் என்று எட்வர்ட் ஹைட் என்ற மருத்துவர் 1958-ல் எழுதினார். குறுகிய வால்வில் பீறிடும் ரத்தத்தில், ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் புரதத்தின் நீண்ட இழைகள் சிதைகின்றன. எனவே ஸ்டெதஸ்கோப்பில் இதயத்தில் முணுமுணுப்பு கேட்டால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும். வால்வை மாற்றியபின் பலருக்குக் கசிவு குறைகிறது. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் இந்தக் கசிவு அதிகம் என்பதை மறக்கக் கூடாது.

மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணி வாங்கி விழுங்குவது கசிவைக் கூட்டும். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்துவது இன்னும் ஆபத்து, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு அது.

எண்டோஸ்கோபி வழியாக ஆர்கான் பிளாஸ்மா முறையில் (ஆர்கான் வாயு வழியே மின்சாரம் பாய்ச்சி) சுட்டு அடைப்பதுதான் வழக்கமான சிகிச்சை. வலப்பக்கப் பெருங்குடலின் சுவர் மெல்லியது என்பதால் அங்கே குறைந்த சக்தியே போதும். மிஞ்சினால் ஓட்டை விழும். பெருங்குடலில் தற்செயலாகக் கண்ட, கசியாத குழாய்களைப் பொதுவாகச் சுட வேண்டியதில்லை. சுட்ட பிறகும் வேறிடத்தில் புதிதாகக் கசிவது சகஜம். ஹீமோகுளோபின் சீரான பின்னும் இரும்பை சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் ரத்தப் பரிசோதனையில் சேர்த்துப் பார்த்தால் சேமிப்பு கரைவது முன்னதாகவே தெரியும்.